ஆள் இல்லாத படம்

ஏப்ரல் 18, வியாழன்

இந்த நோட்டு, படம் எடுத்த விவரம் எழுதிவைக்க. என் மூளை ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வந்த மூளை. எந்தப் படத்துக்கு எத்தனை விநாடி வைத்தேன் என்பது மறுநாள் காப்பி குடிப்பதற்குள் மறந்துபோகும். எழுதிவைத்தால் நோட்டுக்காவது ஞாபகம் இருக்கும்.

கடற்கரைச் சாலையில் புது ஓட்டல் வருகிறது. உள்ளே நுழைந்ததும் இருக்கிற சுவருக்குப் பன்னிரண்டடி அகலத்தில் ஒரு கடல் படம் வேண்டுமாம். மேனேஜர் பிரபாகர் சின்னப் பையன், கழுத்தில் டை, அந்த வெயிலிலும் அவிழ்க்கவில்லை.

"அண்ணாச்சி, வெறும் கடல், பாறை, சூரியன். ஆளு வேண்டாம், படகு வேண்டாம், வலை வேண்டாம். வர்றவங்களுக்குப் பாத்ததும் அமைதியா இருக்கணும்."

"மீனு மட்டும் தட்டுல இருந்தா போதும், என்ன தம்பி?"

சிரித்தான். எதற்குச் சிரித்தான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

வீட்டில் சொன்னேன். உலகம்மாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "இருவத்தஞ்சு வருசமா கல்யாண வீட்டுல ஆள எடுத்தீங்க. ஆளு இல்லாம எடுக்கத் தெரியுமா?"

"கஷ்டம்தான். உன்ன எடுத்து எடுத்துப் பழகிட்டேன். படம் முழுக்க நீதான் இருப்ப, கடலுக்கு எடமே இருக்காது."

கீரைக் காம்பு பறந்து வந்தது. தப்பித்தேன்.

ஏப்ரல் 20, சனி

புன்னைத்துறை, ஆமைப்பாறை. காலை 6.02. வானம் நன்று. 2 விநாடி, 8 விநாடி, 30 விநாடி.

சூரியனுக்கு எதிரே கேமராவை வைத்தால் ஒன்று வானம் வெளுத்துப்போகும், இல்லாவிட்டால் பாறை அடுப்புக்கரி ஆகும். நம் கண் இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிடும். லட்ச ரூபாய்க் கேமராவுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. அதனால் ஸ்டாண்டை அசைக்காமல் மூன்று படம். வானத்துக்காக இருட்டாக ஒன்று, நடுவாக ஒன்று, நிழலுக்காக வெளிச்சமாக ஒன்று. லென்ஸுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி மாட்டினால் விநாடிக் கணக்கு கூடும், அலையெல்லாம் பஞ்சுபோல் ஆகிவிடும். பிறகு மூன்றையும் கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சேர்த்தால் கண்ணால் கண்டது கிடைக்கும்.

ஒரே நிபந்தனை, மூன்று படம் முடியும்வரை எதுவும் நகரக்கூடாது. நகர்ந்தால் அந்த இடத்தில் புகைபோல ஒன்று நிற்கும். தொழிலில் அதைப் பேய் என்போம். பேயை அழிக்கக் கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானும் இருக்கிறது.

இன்றைக்கு ஒரு பேய் நேரிலேயே இருந்தது. பாறைமேல் தூண்டிலோடு ஒரு ஆள்.

"ஓய், கொஞ்சம் அங்கிட்டுப் போறீரா? படத்துல விழுதீரு."

"விழுந்தா என்ன வே? நான் என்ன அசிங்கமாவா இருக்கேன்?"

"அழகா இருக்கீரு. அதான் வே பிரச்சினை. கடல ஒருத்தனும் பாக்க மாட்டான்."

கடகடவென்று சிரித்தார். பெயர் தொம்மை. என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். படகில் போனவர். கயிறு சுற்றுகிற மெஷின் வலது கையில் இரண்டு விரலை எடுத்துக்கொண்டதில் இருந்து தூண்டில்தான். மணல்பக்கம் போய் நின்றார். படம் முடிந்ததும் நான் விசில் அடிப்பது, அவர் திரும்பப் பாறைக்கு வருவது என்று ஏற்பாடு.

என் பெயரைக் கேட்டார். கோமதிநாயகம் என்றேன். "பாதி பொம்பள, பாதி ஆம்பள. உம்மள ரெண்டு படமா எடுத்துல்லா வே சேக்கணும்" என்றார். சரியான ஆள்.

ஏப்ரல் 21, ஞாயிறு

தொம்மை பூசைக்குப் போய்விட்டார். பாறை காலி. வானம் முழுக்க மேகம்.

ஏப்ரல் 22, திங்கள்

மேகம். கேமராவைச் சும்மா வைத்திருப்பானேன் என்று தொம்மையை ஒரு படம் எடுத்தேன். சிரிக்கச் சொன்னால் விறைத்துக்கொள்கிறார். விறைப்பாக இருங்கள் என்றால் சிரிப்பு வருகிறது. விறைத்ததைத்தான் எடுக்க முடிந்தது.

முன்பு ஒருமுறை பெண்டாட்டியோடு சண்டை போட்டுக்கொண்டு கொச்சிக்குப் போய் மூன்று மாதம் இருந்தாராம்.

"கோவம் வந்தா கொச்சிதான் வே. இப்பவும் மனசுல டிக்கெட்டு தயாரா இருக்கு."

"எனக்கும் சேத்து எடும். சன்னலோரம்."

"திரும்பி வந்தப்ப ஜெசிந்தா ஒண்ணும் கேக்கல. சோத்தப் போட்டா. உப்பு மட்டும் போடல. ஒரு மாசம்."

ஏப்ரல் 24, புதன்

காலை 5.58. 2, 8, 30. நான் கேட்ட வானம். கீழே செம்பு, மேலே ஊதா, நடுவில் கிழிந்த மேகம். கடல் எண்ணெய் ஊற்றினதுபோல் கிடந்தது, காற்று கொஞ்சமும் இல்லை. நீர் வற்றி மணல் கண்ணாடியாய் மின்னியது. மணலில் ஆள் நின்றால் தலைகீழாய் அதிலும் தெரியும். தொம்மை பாறைக்கு அந்தப் பக்கம் இறங்கிக்கொண்டார்.

முப்பது விநாடி முடிகிற நேரம் ஒரு அலை. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. பாறையை மூடி, மணலில் ஏறி, என் முழங்காலுக்கு வந்துவிட்டது. ஸ்டாண்டோடு கேமராவைத் தூக்கிக்கொண்டு தாழைப் புதர்வரை ஓடினேன். லென்ஸில் உப்புத்தண்ணீர். நல்ல தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்து, துடைத்து, அரைமணி நேரம் போயிற்று. கேமரா தப்பித்தது.

தொம்மையிடம் சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டேன். நனைந்துபோய் அந்தப் பக்கமாக வீட்டுக்குப் போயிருப்பார். அடுத்த தடவை பார்த்தால் நன்றாக ஏசுவார்.

ஏப்ரல் 25, வியாழன்

மூன்றையும் சேர்த்தேன். இருபத்தைந்து வருடத்தில் இப்படி ஒரு படம் நான் எடுத்ததில்லை. பாறையின் வலது ஓரம் மட்டும் புகைபோல ஒரு கறை. பொத்தானை அழுத்தினேன், போய்விட்டது.

பிரபாகர் பார்த்துவிட்டு, "இதான் அண்ணாச்சி, இதான்" என்றான். இரண்டு நாளில் சுவரில் ஏறிவிடும்.

உலகம்மாள் கேட்டாள்: "வேல முடிஞ்சா ஊரக் கூட்டிச் சொல்லுவீங்க. என்ன, வாய்க்கு லீவா?"

வெயில் என்றேன்.

ஏப்ரல் 26, வெள்ளி

புன்னைத்துறைக்குப் போகவில்லை. படம் முடிந்துவிட்டது, போகத் தேவையும் இல்லை.

ஏப்ரல் 28, ஞாயிறு

மதியம் என் போட்டோக் கடைக்கு ஒரு அம்மா வந்தார். பூசைக்குக் கட்டின சேலை, கையில் குடை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணாச்சி, எங்க வீட்டுக்காரர நீங்க போட்டோ எடுத்தீங்களாமே. தொம்மை. தூண்டி போடுவாரு."

ஜெசிந்தா. நான் கற்பனை செய்திருந்ததைவிடச் சின்ன உருவம்.

"என் தம்பி மவளுக்குக் கோயில்ல புதுநன்மை விசேசம். வரமாட்டேன்னாரு. செவ்வாக்கெழம சாயங்காலம் ரெண்டு பேருக்கும் வாய்த் தகராறு. நானும் விடல. புதன்கெழம விடியுமுன்ன எந்திச்சிப் போனவருதான். செல்போனக்கூட எடுத்துட்டுப் போகல. கொச்சிக்குத்தான் போயிருப்பாரு. அங்க எங்க ஊரு ஆளுவ இருக்காவ, காட்டிக் கேக்கச் சொல்ல ஒரு போட்டோ வேணும். வீட்டுல இருக்கது கல்யாணத்துல எடுத்தது. அதக் காட்டுனா எவனுக்கு அடையாளம் தெரியும்?"

பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தார். "பாருங்க, மூஞ்சியில ஒரு திமிரு" என்றார். விரலால் அந்த மூஞ்சியைத் துடைத்தார்.

"கடைசியா எப்ப அண்ணாச்சி பாத்தீங்க?"

திங்கள்கிழமை என்றேன். அந்தப் படம் எடுத்தது திங்கள்கிழமைதான். அதில் பொய் இல்லை.

ஏப்ரல் 29, திங்கள்

மூன்று படத்தையும் தனித்தனியே திறந்தேன். மூடிவிட்டேன்.

ஏப்ரல் 30, செவ்வாய்

கடைக்கு உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு பார்த்தேன். எழுதிவிடுகிறேன், இது படம் எடுத்த விவரம் எழுதுகிற நோட்டுதானே.

முதல் படம், 2 விநாடி. பாறை வெறும் கரி. கம்ப்யூட்டரில் நிழலை மட்டும் வெளுக்க வைக்கலாம். ஒரு கோடு இருக்கும், அதை வலப்பக்கம் இழுத்தால் இருட்டுக்குள் இருப்பது எழுந்து வரும். இழுத்தேன். பாறையின் வலது ஓரத்தில், தண்ணீருக்கு ஒரு முழம் மேலே, தொம்மை குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார். தலையில் துண்டு. தூண்டிலை மடியில் படுக்க வைத்திருக்கிறார், படத்தில் நீட்டிக்கொண்டு தெரியக்கூடாது என்று. நான் நினைத்த அளவுக்கு அந்த இடம் மறைவில்லை. கரியாக இருந்ததால் எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது படம், 8 விநாடி. அதே இடம், அதே இருப்பு. எட்டு விநாடிக்குள் ஆள் கொஞ்சம் அசைந்தாலும் முகம் கலங்கிவிடும். கல்யாண மாப்பிள்ளைகளை நான்கு விநாடி அசையாமல் நிறுத்த நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். அவர் முகம் கலங்கவில்லை. மூக்கு தெரிகிறது, மீசை தெரிகிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

மூன்றாவது படம், 30 விநாடி. அந்த இடத்தில் வெள்ளைப் புகை. புகைக்குள் ஒரு தோள், ஒரு முழங்கால். அவருக்குள்ளே பாறை தெரிகிறது. நிழல் பகுதிக்கு வெளிச்சப் படத்தில் இருந்துதான் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் சேர்த்த படத்தில் கறை. நான் பொத்தானை அழுத்திய கறை.

புதன்கிழமை எழுதியதைத் திருப்பிப் பார்த்தேன். 'இறங்கிக்கொண்டார்' என்று எழுதியிருக்கிறேன். அவர் இறங்கிக்கொள்ளவில்லை.

"அங்க வேண்டாம் வே. அந்த எடம் ஆகாது" என்றுதான் சொன்னார்.

"கடலு பாலு மாதிரி கெடக்கு. ஒரு நிமிசம்தான் ஓய். விசிலடிச்சதும் ஏறிரும். படகுல போன ஆளுக்குப் பயத்தப் பாரு."

"எனக்கா பயம்? நீரு கூப்பிடுத வரைக்கும் அசைய மாட்டேன், போதுமா?"

அலை திடீரென்று வந்ததாகவும் எழுதியிருக்கிறேன். பாறைக்குப் பின்னால் கடல் உயர்வதைப் பார்த்தேன். அப்போது எண்ணிக்கொண்டிருந்தேன், பதினெட்டு, பத்தொன்பது. கேமரா டக்கென்று மூடுகிற சத்தம் வரட்டும் என்று நின்றேன். சத்தம் வந்தது. கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். விசில் அடிக்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

மே 1, புதன்

புன்னைத்துறைக்குப் போனேன், சொல்லிவிடுவது என்று.

ஜெசிந்தா வீட்டு வாசலில் நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்தார். நாற்காலி எடுத்துப் போட்டார். "கொச்சியில பாக்கலங்காவ. கோழிக்கோட்டுக்குப் போயிருப்பாருன்னு சொல்லுதாவ" என்றார். பிறகு பக்கத்து வீட்டுக்கும் கேட்கிறமாதிரி, "போவட்டும். எங்க வேணாலும் போவட்டும். மவன் அப்பா எங்கன்னு கேட்டான், செத்துட்டாருன்னு சொல்லுலேன்னேன்."

வாயைத் திறந்தேன். கறுப்புக் காப்பி வந்தது. ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "சீனி போட்டிருக்கீங்க. அப்ப என்மேல கோவம் இல்ல. தொம்மைக்கு ஒரு மாசம் உப்பில்லாம சோறு போட்டீங்களாமே" என்றேன்.

சிரித்துவிட்டார். எட்டு நாளில் இப்போதுதான் சிரிக்கிறாள் என்று பக்கத்து வீட்டு அம்மா சொன்னார்.

சிரிக்க வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மே 2, வியாழன்

ஓட்டலுக்குப் போனேன். படம் சுவரில் ஏறிவிட்டது. அதன் முன்னால் சோபா, கண்ணாடி மேசை. ஒரு குடும்பம் நின்று செல்போனில் தங்களையும் அதையும் சேர்த்து எடுத்துக்கொண்டிருந்தது. அதைக் கழற்றச் சொல்லி, ஏன் என்பதையும் பிரபாகரிடம் சொன்னேன். வெளியே நான் சொன்ன முதல் ஆள் அவன்தான்.

அவன் முகம் வெளுத்தது. கிட்டே போய் வலது ஓரத்தைப் பார்த்தான்.

"இதுல ஆளே இல்லையே அண்ணாச்சி. அப்புறம் என்ன?"

மே 3, வெள்ளி

உலகம்மாளிடம் சொன்னேன். மாவு ஆட்டிக்கொண்டிருந்தவள் கிரைண்டரை நிறுத்தினாள்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா படகு எடுத்துத் தேடியிருப்பாங்களா?"

"தேடியிருப்பாங்க."

"கெடச்சிருப்பாரா?"

"உசுரோட தெரியல. ஒடம்பாவது கெடச்சிருக்கும்."

கையைக் கழுவினாள். சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள். "கெளம்புங்க."

"நாளைக்கு—"

"ஒம்போது நாளு ஆச்சு. நாளைக்குன்னு இன்னொருக்க சொன்னீங்கன்னா நானே போய்ச் சொல்லிருவேன். வண்டிய எடுங்க."

பதினெட்டுக் கிலோமீட்டர். உலகம்மாள் பின்னால் உட்கார்ந்திருந்தாள். முருகன் கோயில் வளைவில் வழக்கமாக ஒரு கும்பிடு போடுவாள். இன்றைக்கு இரண்டு கையாலும் என் சட்டையைப் பிடித்திருந்தாள்.

அங்கே நடந்ததைப் பிறகு எழுதுகிறேன்.

மே 4, சனி

மூன்று பிரிண்ட் கொண்டுபோயிருந்தேன். பேசினால் எனக்குக் கோணலாகப் போகும் என்று.

ஜெசிந்தா முதல் படத்தைப் பார்த்தார். "இவருதான். எப்ப எடுத்தது?" என்றார்.

"புதன்கெழம. அவரு போனதாச் சொன்னீங்கள்லா, அந்தப் புதன்கெழம."

இரண்டாவதைப் பார்த்தார். மூன்றாவதைக் கையில் எடுத்தார். மூன்றையும் திண்டில் வரிசையாக வைத்தார். மீண்டும் முதலாவதை எடுத்தார்.

"அங்க எதுக்கு எறங்குனாரு? அது ஆகாத எடம். பிறந்ததுல இருந்து அவருக்குத் தெரியுமே."

உலகம்மாள் என்னைப் பார்த்தாள்.

"நான்தான் எறங்கச் சொன்னேன்" என்றேன். "படத்துல ஆளு தெரியக் கூடாதுன்னு."

பக்கத்து வீட்டில் இருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். வயசான ஒருவர் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "புதன்கெழம கள்ளக்கடலு ஏறிச்சுல்லா. காத்தும் இருக்காது, சத்தமும் இருக்காது" என்றார். பிறகு என்னிடம், "அன்னைக்கு ஏழு மணிக்கு வந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா, இந்தக் கரையில நாப்பது படகு நின்னுச்சு" என்றார். ஒரு பையன் என் சட்டையைப் பிடித்தான். அந்தப் பெரியவர் கையை எடுத்துவிட்டார். எடுத்துவிடாமல் இருந்திருக்கலாம்.

ஜெசிந்தா அழவில்லை. "பத்து நாளா அவர ஏசிக்கிட்டு இருந்தேன்" என்றார். "காலையில எந்திச்சதும் ஏசுவேன். புள்ளகிட்ட என்னவெல்லாமோ சொன்னேன். நீங்க வந்து காப்பி குடிச்சிட்டு, என்னைய சிரிக்கவும் வச்சிட்டுப் போனீங்க."

அண்ணாச்சி என்று சொல்லவில்லை.

இன்று ஏழு படகு போயிருக்கிறது. கடலில் ஏற்றம் இருப்பதாக எச்சரிக்கை, அதையும் மீறித்தான் போனார்கள். போலீசில் எழுதிக்கொடுத்தேன். நான் எழுதியதைப் படித்த ஏட்டு, "இதுல என்ன கேஸ் போடுறதுன்னு தெரியலயே" என்றார்.

மே 6, திங்கள்

கிடைக்கவில்லை.

மே 7, செவ்வாய்

தேடுவதை நிறுத்திவிட்டார்கள். தலையில் கட்டியிருந்த துண்டுகூடக் கிடைக்கவில்லை.

மே 8, புதன்

ஜெசிந்தா கடைக்கு வந்தார். கூட மகன், பன்னிரண்டு வயது இருக்கும். மீசை வருகிற இடத்தில் அப்படியே தொம்மை. இந்தத் தடவையும் உட்காரவில்லை.

"வெள்ளிக்கெழம காலையில பூச வைக்கோம். பெட்டி இல்ல, ஒண்ணும் இல்ல. படம் மட்டும்தான் வைக்கணும். பெருசா ஒண்ணு போட்டுத் தாங்க."

"அந்தத் திங்கக்கெழம எடுத்தத நல்லாப் போட்டுத் தாரேன்."

"அது வேண்டாம். பாறையில உக்காந்திருக்கது. ரெண்டாவது."

"அதுல முகம் இருட்டா இருக்கும். அது…" எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. "அத வச்சிப் பாத்துக்கிட்டு இருக்க முடியுமா?"

"ஊரு பூரா நான் சொல்லிருக்கேன், எம் புருசன் எங்கள விட்டுட்டு ஓடிட்டான்னு. நான் சொன்னதுதான் எல்லார் வாயிலயும் இருக்கு. அந்தப் படத்துல அவரு ஓடல. சொன்ன எடத்துல உக்காந்திருக்காரு. எல்லாரும் பாக்கட்டும்."

பையன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன்.

"செஞ்சி வைக்கேன். வெள்ளிக்கெழம நானே கொண்டு—"

"நீங்க வரப்பிடாது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "பஸ்ஸுல குடுத்து விடுங்க. எங்க ஊரு நிறுத்தத்துல மவன் வாங்கிக்கிடுவான்."

மே 9, வியாழன்

இரண்டடிக்கு மூன்றடி. இரண்டாவது படம் மட்டும், எதோடும் சேர்க்கவில்லை. நிழலை மேலே கொண்டுவந்தேன். அளவுக்கு மீறி ஏற்றினால் முகத்தில் புள்ளி புள்ளியாக மணல் விழும். ஏற்றாவிட்டால் ஆள் தெரியமாட்டார். வானம் வெளுத்துச் சுண்ணாம்பு ஆகிவிட்டது. ஆகட்டும். மீசை வந்தது. விரல் இல்லாத கை தூண்டிலைப் பிடித்திருப்பது வந்தது. இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். கண் இரண்டும் கேமராவைப் பார்க்கின்றன. நான் எப்போது கூப்பிடுவேன் என்று பார்க்கின்றன.

உலகம்மாள் தன் பழைய வெள்ளைச் சேலையைக் கிழித்துப் படத்தைச் சுற்றிக் கட்டினாள்.

மே 10, வெள்ளி

காலை ஐந்தே முக்கால் பஸ்ஸில் ஏற்றினேன். படுக்க வைக்காமல் நிற்கவைத்துக் கொண்டுபோகச் சொன்னேன், கண்டக்டர் சரி என்றார். ஏழு மணிக்குப் போன் பண்ணினார், பையன் நின்று வாங்கிக்கொண்டான் என்று.

பூசை நேரத்தில் கடையில் இருந்தேன். பாஸ்போர்ட் படத்துக்கு ஒரு ஆள் வந்தார், பக்கத்துத் தெருவில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர், பல வருடப் பழக்கம். ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"என்ன அண்ணாச்சி, வந்து இவ்வளவு நேரம் ஆச்சு, என் தொந்தியப் பத்தி ஒண்ணும் சொல்லலியே. ஒடம்பு சரியில்லையா?"

ஸ்டூல் கொஞ்சம் இடதுபக்கமாகக் கிடந்தது. அவர் தோள் படத்துக்கு வெளியே போனது. கொஞ்சம் தள்ளி உட்காருங்கள் என்று சொல்லவேண்டும், அவ்வளவுதான். ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்கிற வார்த்தை. அவர் நான் சொல்வதற்காகக் காத்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சொல்ல வரவில்லை. ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு நான் தள்ளிப் போனேன்.